பீரங்கியின் மறுபக்கம்

துருக்கியின் கலிபொலி தீபகற்பத்தில், ஈஜியன் கடலோரமாக கபாதெபே என்றோர் இடம். 2012இல் திறக்கப்பட்ட யுத்த நூதனசாலை அங்கேதான் இருக்கிறது. துருப்பிடித்த துவக்குகள், தண்ணீர்ப் போத்தல்கள், சப்பாத்துகள் ஆகியவற்றின் நடுவே ஒரு சிறிய பொருளின் முன்னால் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். ஒன்றினுள் ஒன்று செருகிக்கொண்ட இரண்டு ரவைகள் அவை. எதிரெதிராக வந்து மோதியவை என்கிறார்கள். பதுங்குகுழிகள் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

1915 மார்ச் 18இல் தார்தனெல்ஸ் நீரிணையை உடைத்துச் செல்ல முயன்ற பிரித்தானிய, பிரெஞ்சுக் கப்பற்படை தோற்றது. ஏப்ரல் 25இல் தரைப்படை இறங்கியது. 1916 ஜனவரி 9இல் கடைசிச் சிப்பாயும் வெளியேறியபோது இருதரப்பிலும் ஏறத்தாழ 1,30,000 பேர் மடிந்திருந்தனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் உஸ்மானியர்கள்.

நூதனசாலை இதனை இரண்டு தரப்பின் கதையாகச் சொல்கிறது. ஒரு பக்கம் ஷஹீதான மெஹ்மத்கள். மறுபக்கம் கடல்கடந்து வந்த அவுஸ்திரேலிய, நியூஸிலாந்து இளைஞர்கள். நான் தேடிப்போனதோ மூன்றாவது ஒருவரை.

முதல்நாளே அந்தக் கரையில் இறங்கியவற்றுள் இந்தியாவின் 26ஆவது மலைப் பீரங்கிப் படையும் ஒன்று. பீரங்கியைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கோவேறு கழுதைகளில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோனவர்கள் சீக்கியரும் பஞ்சாபி முஸ்லிம்களுமாவர். 1914 நவம்பரிலேயே இஸ்தான்புல்லில் ஜிஹாத் பிரகடனம் வெளிவந்துவிட்டது. குத்பாவிலே யாருடைய பெயர் ஓதப்பட்டதோ அந்தக் கலீபாவின் படையை நோக்கியே இவர்கள் குண்டெறிந்தார்கள். அக்கரையில் பாங்கொலித்தபோது இவர்கள் மனம் என்ன சொல்லியிருக்கும்?

ஆட்சியாளருக்கும் அந்தச் சங்கடம் தெரிந்தேயிருந்தது. முஸ்லிம் சிப்பாய்கள் கணிசமாக இருந்த 69ஆவது, 89ஆவது பஞ்சாபிப் படையணிகளை மே மாதத்திலேயே கலிபொலியிலிருந்து எடுத்து பிரான்சுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்னர், பெப்ரவரி 15இல், சிங்கப்பூரில் முஸ்லிம் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். துருக்கியருக்கு எதிராகத் தங்களை அனுப்பப்போகிறார்கள் என்ற வதந்தியும் அதற்கொரு காரணம். 47 பேர் பகிரங்கமாகச் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒரே அச்சம், ஒரே ஆண்டு. ஒருவன் சுட்டான், ஒருவன் மறுத்தான். எவனைக் குற்றஞ்சொல்வது? இருவரையுமே சம்பளத்துக்காக ஊரைவிட்டுக் கொண்டுவந்தது ஒரே ஏகாதிபத்தியம்தான்.

இலங்கைக்கும் இதில் பங்குண்டு. நமது தோட்டத்துரைமாரின் ரைபிள் படையினர் கலிபொலியில் ஜெனரல் பேர்ட்வுட்டின் மெய்க்காவலராக நின்றனர். அதே மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய கலவரத்தில் சோனகரின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. துருக்கித் தொப்பியோடு நீதிமன்றில் நிற்கும் உரிமைக்காக 1905இல் எழுந்த சமூகம், பத்தே ஆண்டுகளில் அந்தத் தொப்பியின் தேசத்தோடு போரிடும் அரசிடமே பாதுகாப்புக் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று.

நூதனசாலையில் சுற்றிவந்தேன். அந்தப் பஞ்சாபிப் பீரங்கிச் சிப்பாய் என் கண்ணில் படவில்லை. வென்றவர் கதையிலும் இடமில்லை, தோற்றவர் கதையிலும் இடமில்லை என்ற நிலை நமக்குப் புதிதல்ல. நமது நாட்டில் 2009இல் முடிந்த யுத்தத்தையும் இரு தரப்பின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் எடுத்துச்செல்ல அனுமதிக்கப்பட்ட அந்தக் கொஞ்சப் பொருட்களை எந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம்?

காத்தான்குடிப் பள்ளிவாசல் சுவரில் 1990 ஆகஸ்ட் 3இன் ரவைத் துளைகளைப் பூசி மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். தொழ வருபவர் தினமும் அதைப் பார்க்கிறார். நுழைவுச்சீட்டில்லாத நூதனசாலை அது. அதுபோல் நாமே எழுதி, நாமே பேணிவைக்காவிட்டால், நமது பேரப்பிள்ளைகளும் ஒருநாள் ஏதோவொரு நூதனசாலையில் தங்கள் மூத்தவாப்பாவைத் தேடி, வெறுங்கையோடு திரும்புவார்கள்.