அன்பின் விருந்து: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம்

கிறிஸ்தவர்கள் ஒன்றாக அமர்ந்து உண்டு, வேதவசனத்தையும் தங்கள் வாழ்க்கைப்பாடுகளையும் பற்றி மனம்விட்டுப் பேசிக்கொள்ளும் வழக்கம் அன்பின் விருந்து. திருவிருந்து, நற்கருணை, இராப்போஜனம் என்று சபைக்குச் சபை பெயர் மாறும் சடங்கு வேறு; இது வேறு. இதற்குக் குருவானவரோ பலிபீடமோ வேண்டாம். அடுப்பும் பாயும் வேதப்புத்தகமும் போதும். நெல்லைச் சீமையில் இதற்கு நெருங்கிய வழக்கத்தை அசனம் என்பார்கள். கத்தோலிக்கரிடையே சமபந்தி என்ற பெயரும் உண்டு. 1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்த விழுப்புரம் மாவட்டத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் இந்த விருந்தின் வரலாறு, யார் யாரோடு ஒரே பந்தியில் உட்காரலாம் என்ற வழக்கின் வரலாறாகவே இருக்கிறது.

தொடக்கம்

எருசலேமின் முதல் விசுவாசிகள் வீடுதோறும் அப்பம் பிட்டு மகிழ்ச்சியோடு உண்டதை அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்தி உண்டுவிட, ஏழைகள் பசியோடு நின்றார்கள். அந்தியோகியாவில் யூதரல்லாதவர்களோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்பாகவும் கடிந்துகொண்டார். பின்னாளில் தமிழ்நாட்டுச் சபைகளில் எழுந்த சண்டைகளுக்கு இந்த அந்தியோகியா நிகழ்ச்சியே முன்மாதிரி. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயா சங்கம் ஆலயங்களுக்குள் அன்பின் விருந்து நடத்துவதைத் தடுத்தது. அதன் பிறகு சடங்கு நிலைத்தது, சாப்பாடு மெல்ல மங்கியது. 1727இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவியர்கள் அதைப் புதுப்பித்தார்கள். அவர்களிடமிருந்து ஜான் வெஸ்லி கற்றுக்கொண்டு மெதடிஸ்டுகளுக்குக் கொடுத்தார். மொராவியர் 1760இல் தரங்கம்பாடிக்கே வந்து குடியேறினார்கள்.

தமிழ் மண்ணில்

செஞ்சி நாயக்கரின் அரசவைக்கு 1597இல் இயேசு சபையின் நிக்கோலாஸ் பிமெந்தா வந்து சென்றார். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலி, பிராமணச் சந்நியாசிபோல் வாழ்ந்து பிராமணர் சமைத்ததையே உண்டார். அதே ஊரில் பணியாற்றிய சக குருவோடு அமர்ந்து உண்பதையும் தவிர்த்தார். பின்னர் உயர்சாதியாருக்கு ஒரு வகைக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று பணியே இரண்டாகப் பிரிந்தது. 1670களில் பண்டாரசாமிகளில் ஒருவரான அருளானந்தர் தம் பணியைத் தொடங்கியது செஞ்சி நாட்டுப் பகுதியில்தான். இந்த இரு வகைக் குருக்கள் என்ற ஏற்பாட்டால் சுவிசேஷம் பல வாசல்களுக்குள் நுழைந்தது உண்மை. ஆனால் பிரிந்து உண்ணும் பழக்கமும் அதனோடு சேர்ந்தே உள்ளே போனது. அதற்குக் கொடுத்த விலை மிக அதிகம்.

புராட்டஸ்டண்டுகளிடம் தகராறு வெளிப்படையாக வெடித்தது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று 1833இல் சுற்றறிக்கை விட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் எதிர்த்தார்கள். 1847இல் அமெரிக்க மதுரை மிஷன், சாதியை விட்டதற்கு அத்தாட்சியாக எல்லாரும் கூடி உண்ணும் விருந்துகளை வைத்தது. மறுத்தவர்கள் உபதேசியார்களாக இருந்தாலும் நீக்கப்பட்டார்கள். 1850இல் சென்னை மிஷனெரி மாநாடு இந்த நிலையையே பொதுத் தீர்மானமாக்கியது: எந்தச் சாதியிலிருந்து வந்த கிறிஸ்தவரோடும் உண்ண மறுப்பவருக்குச் சபையில் இடமில்லை.

அந்தத் தீர்மானத்தின் நோக்கம் நேர்மையானது. நட்பின் அடையாளமான விருந்து அதனால் ஒரு தேர்வாக மாறியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கட்டளைக்கு ஒரு கவளம் தின்று தேர்ந்தவர் வீட்டுக்குப் போனதும் தலைமுழுகலாம். மனம் மாறிப் பேசுகிறவர்தான் மறுநாள் தாமாகவே அடுத்தவர் வீட்டுத் திண்ணைக்கு வருவார். அந்தக் காலத்து மிஷனெரிகளில் பலர் இதை உணரவில்லை.

லைப்சிக் லுத்தரன் மிஷன் அந்தத் தீர்மானத்தோடு சேரவில்லை. சாதி சமூக ஒழுங்கு, காலப்போக்கில் தானே கரையும் என்பது அதன் இயக்குநர் கார்ல் கிரவுலின் கருத்து. அதே மிஷனில் ஊழியம் செய்த கார்ல் ஓக்ஸ் இதை ஏற்கவில்லை. சாதியை விடாதவரைச் சபை ஊழியத்தில் வைக்கலாகாது என்று நின்றார். மிஷனை விட்டே வெளியேறினார். 1860களின் தொடக்கத்தில் பண்ருட்டிக்கு அருகே மேல்பட்டாம்பாக்கத்தில் தனிப் பணித்தளம் அமைத்தார். சில ஆண்டுகளில் டென்மார்க் மிஷனெரி சங்கம் அவரோடு கைகோத்தது. அந்த வேரிலிருந்து வளர்ந்து 1913இல் உருவானதே ஆற்காடு லுத்தரன் திருச்சபை. அது கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் இன்றும் பரவியிருக்கிறது. கூடி உண்பது பற்றிய கேள்வி அதன் பிறப்பிலேயே கலந்திருக்கிறது. இந்த வட்டாரத்துக் கிறிஸ்தவர் பெருமைப்பட வேண்டிய செய்தி இது; மறந்துவிடக் கூடாத செய்தியும்கூட.

திண்டிவனம்

1853இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனின் முக்கியத் தளங்களில் ஒன்று திண்டிவனம். வால்டர் ஸ்கடர் பெயரில் இன்றும் அங்கே பள்ளி இருக்கிறது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் இம்மாவட்டச் சேரிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் சபைக்கு வந்தார்கள். கஞ்சிக்காக வந்தார்கள் என்று அவர்களைப் பழிப்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பசித்தவனுக்குச் சோறு போட்டவரைத் தேடி அவன் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சோறு போட்டவர் அவனோடு சமமாக உட்கார்ந்தாரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

1890இல் தாயின் உடல்நலத்துக்காகத் திண்டிவனம் வந்த இளம்பெண் ஐடா ஸ்கடர், ஒரே இரவில் மூன்று வீட்டாரின் அழைப்பைக் கேட்டார். மூவரும் தங்கள் வீட்டில் பிரசவ வேதனையில் கிடந்த பெண்ணுக்கு ஒரு பெண் மருத்துவரே வேண்டும் என்றார்கள். மருத்துவரான தந்தையை ஆண் என்பதால் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அமெரிக்காவுக்குத் திரும்பும் எண்ணத்தை விட்டு அவர் மருத்துவம் படித்ததும், 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவமனை தொடங்கியதும் ஊரறிந்தவை. தொடக்கூடாது, உள்ளே வரக்கூடாது, கூட உண்ணக்கூடாது என்ற விலக்குகள் அக்காலத்தில் எவ்வளவு இறுகியிருந்தன என்பதற்குத் திண்டிவனத்தின் அந்த இரவைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

வெள்ளையரும் தமிழரும் கூடி உண்டார்களா என்ற கேள்வியை உலகறியக் கேட்டவர் நெல்லைச் சீமையின் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1910இல் எடின்பரோ மாநாட்டில், மிஷனெரிகள் எவ்வளவோ தியாகம் செய்தாலும் இந்திய ஊழியரை நண்பராக ஏற்பதில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லி, நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையும் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையும் உருவாகி ஆற்காடு மிஷனின் சபைகள் அவற்றில் சேர்ந்தபின், நிர்வாகம் இந்தியர் கைக்கு வந்தது. வெள்ளையர் மேசையைப் பற்றிய கேள்வி அதோடு தீர்ந்தது. தெருக்களுக்கு இடையிலான, அதாவது சாதிகளுக்கு இடையிலான, கேள்வி தீரவில்லை.

அன்பியமும் ஒரே உலையும்

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகு கத்தோலிக்கப் பொதுநிலையினர் வேதத்தைக் கையிலெடுத்தார்கள். பங்குகளை அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியங்களாகப் பிரிக்கும் முறை, 1990களில் தமிழகமெங்கும் வேகம் பெற்றது. புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு உட்பட்ட விழுப்புரம் பகுதியும் அதில் அடங்கும். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் வகுத்த ஏழு படி முறையில் கூட்டம் நடக்கும். ஆண்டவரை அழைத்தல், வாசித்தல், மனத்தைத் தொட்ட சொற்களைத் திரும்பச் சொல்லுதல், மௌனம், பகிர்தல், செய்யவேண்டிய பணியைத் தீர்மானித்தல், மன்றாட்டு. ஐந்தாம் படியில்தான் உயிர் இருக்கிறது. கடன், மகளின் திருமணம், மகனின் குடி, காலேஜ் அட்மிஷன் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பிறகு சுண்டலோ அவித்த மல்லாட்டையோ காபியோ வரும். பேச்சு அதற்குமேலும் நீளும். தென்னிந்தியத் திருச்சபையார், லுத்தரன்கள், பெந்தெகொஸ்தேகாரர்கள் ஆகியோரிடம் வீட்டு ஜெபக்கூட்டமும், உபவாச ஜெபத்துக்குப் பிந்தைய பொதுச் சாப்பாடும் அதே வேலையைச் செய்கின்றன. ஒரு குறை எங்கும் பொது: சமைத்த பெண்கள் அடுக்களையிலேயே நின்றுவிடுவதால் பேச்சின் பெரும்பகுதி அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

மதுரை இறையியல் கல்லூரி ஆசிரியரும் இசைவாணருமான தியோபிலஸ் அப்பாவு (இறப்பு 2005) இந்த வழக்கத்துக்குத் தலித் இறையியலின் ஆழத்தைத் தந்தார். தனித்தனி அடுப்பை விட்டு ஒரே உலையில் பொங்கி எல்லாரும் உண்பதே இயேசுவின் விருந்து என்பது அவர் போதனை. நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டையும் அமைத்தார்.

இந்தப் போதனைக்கு இவ்வட்டாரத்தில் தேவை மிகுந்திருந்தது. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் சாதி வன்முறையில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலில் வரும் ஆரோக்கியம், கத்தோலிக்கப் புதிரை வண்ணார் பெண். காலனிக் கிறிஸ்தவர்களுக்குத் துணி வெளுத்து, இரவில் வீடு வீடாகச் சோறு வாங்கிப் பிழைக்கிறவள். ஒடுக்கப்பட்டவர்களின் பந்தியிலும் அவளுக்கு இலை போடப்படவில்லை. அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த, இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள எறையூரில், பாகுபாட்டுக்கு எதிராகத் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் ஊர்த்தெருக் கத்தோலிக்கரோடு மோதல் வெடித்து, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். மோதிய இரு தரப்பும் ஒரே மறையைச் சேர்ந்தவர்கள்.

அன்பியங்கள் அக்கம்பக்கக் கணக்கில் பிரிகின்றன. ஊர்களில் தெருக்களோ சாதிக் கணக்கில் அமைந்தவை. ஆகவே கிராமங்களில் ஊர்த்தெருக் கிறிஸ்தவரும் காலனிக் கிறிஸ்தவரும் ஒரே வீட்டில் அமர்ந்து வசனம் பேசி உண்பது தானாக நடக்காது. பங்குக் குருக்களும் சபை ஆயர்களும் மாதத்துக்கு ஒரு கூட்டத்தையாவது தெரு மாற்றி, வீடு மாற்றி வைக்க வேண்டும். சமையலை ஆண்களும் ஏற்க வேண்டும்.