ஜொகூரில் பூமிபுத்ரா: ஒரு சொல்லின் வரம்புகள்

மலேசியாவில் 'பூமிபுத்ரா' என்னும் சொல் அரசு விண்ணப்பப் படிவங்களிலும் வீடமைப்பு விளம்பரங்களிலும் பல்கலைக்கழக நுழைவு பற்றிய விவாதங்களிலும் அன்றாடம் வழங்கினாலும், நாட்டின் தலையாய சட்டமாகிய கூட்டரசு அரசியலமைப்பில் அது ஓரிடத்திலும் காணப்படுவதில்லை. அரசுப் பணி, கல்வி உதவித்தொகை, தொழில் உரிமம் ஆகியவற்றில் பங்கு ஒதுக்கும் 153ஆம் பிரிவு, மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையையும் சபா, சரவாக் மாநிலங்களின் சுதேசிகளுடைய சிறப்பு நிலையையும் மட்டுமே குறிப்பிடுகிறது. மலாய்க்காரர் யார் என்பதை 160ஆம் பிரிவு விளக்குகிறது: இஸ்லாத்தைத் தழுவியவராகவும், வழக்கமாக மலாய் மொழி பேசுபவராகவும், மலாய் வழக்காறுகளைப் பின்பற்றுபவராகவும் இருப்பதோடு, 1957 ஆகஸ்ட் 31ஆம் நாளுக்கு முன் மலாயாவிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவர், அன்று அங்கே நிலையாகக் குடியிருந்தவர், அத்தகையவரின் வழித்தோன்றல் ஆகியோருள் ஒருவராகவும் இருப்பவரே மலாய்க்காரர். எத்தனை தலைமுறைக்கு முன் முன்னோர் வந்தனர் என்று அந்த விளக்கம் கேட்பதில்லை. மண்ணின் மைந்தர் என்று பொருள்படும் ஒரு சொல்லின் சட்ட அடித்தளத்தில் மதமும் மொழியும் வழக்காறும் முன்னிற்க, மண்ணில் வாழ்ந்த காலத்தின் நீளம் பின்தங்கிவிட்டது என்பது கவனத்திற்குரியது.

சொல் பழையது, வடமொழியிலிருந்து மலாய்க்கு வந்தது. டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியாவில், 1913ஆம் ஆண்டிலேயே பாண்டுங் நகரில் சுவார்டி சூர்யானிங்ராட், சிப்தோ மங்குன்குசுமோ முதலியோர் 'பூமிபுத்ரா குழு' அமைத்து, ஆட்சியாளர் அடிமைப்பட்ட மக்களிடமே பணம் திரட்டித் தம் நாட்டு விடுதலை நூற்றாண்டைக் கொண்டாடுவதை எதிர்த்தனர். அங்கே அது ஐரோப்பியருக்கு எதிரே நின்ற குடிமக்களின் சொல். மலாயாவில் அது பொருளாதாரச் சொல்லாக இறுகியது 1965இல் கூடிய பூமிபுத்ரா பொருளாதார மாநாட்டுக்குப் பிறகே. அதே ஆண்டில் பூமிபுத்ரா வங்கி நிறுவப்பட்டது. 1969 மே இனக் கலவரத்தை அடுத்து 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை, இருபது ஆண்டுகளுக்குள் நிறுவனப் பங்குகளில் 30 விழுக்காட்டைப் பூமிபுத்ராக்கள் பெறவேண்டும் என்று இலக்கு வகுத்தபோது, அது ஆட்சித் துறையின் கணக்குச் சொல்லாகவே ஆகிவிட்டது.

இச்சொல்லின் வரம்புகளை ஜொகூரைப் போலத் தெளிவாகக் காட்டும் இடம் தீபகற்பத்தில் வேறில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மாநிலத்தின் பெரும்பகுதி காடு. ஜொகூரை ஆண்ட தெமங்கோங் இப்ராகிமும் அவருக்குப் பின் அபு பக்காரும், 'சூராட் சுங்கை' எனப்பட்ட ஆற்று உரிமைப் பத்திரங்களை வழங்கிச் சீனரைக் குடியேற்றினர். அப்பத்திரம் பெற்ற தலைவன் 'கங்சூ' எனப்பட்டான். மிளகும் காம்பீரும் பயிரிட்ட அம்முறை 1917இல்தான் ஒழிக்கப்பட்டது. மேற்குக் கரையின் சதுப்பு நிலத்தில் ஜாவாவிலிருந்தும் தென் போர்னியோவின் பஞ்சார் நாட்டிலிருந்தும் வந்தோர் வடிகால் வெட்டித் தென்னையும் பாக்கும் வைத்தனர். வடிகாலுக்கு மலாயில் 'பாரிட்' என்று பெயர். மூவாரில் பாரிட் ஜாவா, பத்து பகாட்டில் பாரிட் ராஜா என்று ஊர்ப்பெயர்களே அந்தக் குடியேற்றத்திற்குச் சான்றாக நிற்கின்றன. 1909இல் இருப்புப்பாதை ஜொகூர் பாருவை எட்டியபின் சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. பால்மரம் வெட்டக் கங்காணிகள் தமிழரை அழைத்துவந்தனர். இந்திய அரசு 1938இல் தொழிலாளர் அனுப்புவதைத் தடைசெய்யும் வரை அந்த வரத்து நீடித்தது.

ஆக, ஜாவாக்காரரும் தமிழரும் ஏறத்தாழ ஒரே பத்தாண்டுகளில், கடல் கடந்து, ஒரே மாநிலத்தின் காட்டைத் திருத்த வந்தவர்கள். முன்னவரின் பேரர்கள் பூமிபுத்ராக்கள். பின்னவரின் பேரர்கள் அல்லர். ஜாவா, பஞ்சார், பூகிஸ் மக்கள் மதத்தாலும் தீவுக்கூட்ட உறவாலும் மலாய்ச் சமூகத்தோடு மணமும் பேச்சும் கலந்தவர்கள் என்பதால் அந்த இணைவு இயல்பாகவே நிகழ்ந்தது. அதைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் 'வந்தேறிகள்' என்ற வசை தோட்டத்துத் தமிழர்மேல் வீசப்படும்போது, அது வரலாற்றைச் சான்றாகக் காட்ட முடியாது என்பதைத் தயக்கமின்றிச் சொல்லவேண்டும்.

தமிழ்த் தொடர்புடைய குடும்பங்களும் இந்த வரம்பைக் கடந்ததுண்டு. நவீன மலாய் உரைநடையின் முன்னோடி எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாவின் கொள்ளுப்பாட்டனார் ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே தமிழ்ப் பெண்ணை மணந்தவர். அந்த வழியினர் பின்னர் மலாக்காவில் குடியேறினர். அப்துல்லாவின் மகன் முகமது இப்ராகிம் முன்ஷி ஜொகூர் அரசவையில் பணியேற்று 'டத்தோ பெந்தாரா டாலாம்' என்னும் உயர்பதவி வரை உயர்ந்தார். ஆட்சியாளர் சார்பில் தாம் மேற்கொண்ட பயணங்களை மலாயில் நூலாகவும் எழுதினார். நாகூர்க் கடற்கரையைத் தொட்டுவந்த குருதி ஜொகூர் ஆட்சியில் மலாய்க் குருதியாக மதிக்கப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மறுபக்கம் மலாய்க்காரரின் அச்சத்திற்கும் வரலாறு உண்டு. மலாய் நிலத்தைப் பிறர் வாங்காமல் காக்கும் ஒதுக்கீட்டுச் சட்டம் கூட்டு மலாய் மாநிலங்களில் 1913இலும் ஜொகூரில் 1936இலும் வந்தது. 1946இல் பிரிட்டன் மலாயன் யூனியனை அமைத்து மற்றவர்க்கும் எளிதாகக் குடியுரிமை தர முற்பட்டபோது, ஜொகூர் பாருவில் பிறந்த ஓன் ஜாஃபாரின் தலைமையில் மலாய் எதிர்ப்பு திரண்டது. அவ்வாண்டு மே 11ஆம் நாள் அந்நகரின் இஸ்தானா பெசார் அரண்மனையில் அம்னோ கட்சி பிறந்தது. நிலத்தையும் ஆட்சியுரிமையையும் இழந்துவிடுவோம் என்ற அன்றைய அச்சம் போலியானதல்ல; அதை மறந்துவிட்டுப் பூமிபுத்ரா கொள்கையின் தோற்றத்தை விளங்கிக்கொள்ள முடியாது.

இவர்கள் எல்லோருக்கும் முன்பே ஜொகூரில் வாழ்ந்தவர்கள் ஒராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடிகள். எண்டாவ், லிங்கியூ ஆற்றுப்படுகைகளில் ஜக்கூன் மக்களும், ஜொகூர் நீரிணையின் அலையாத்திக் காடுகளில் படகையே வீடாகக் கொண்டிருந்த செலெத்தார் மக்களும் இவர்களுள் அடங்குவர். இவர்களை முன்பு 'சக்காய்' என்று இழித்தழைத்தனர். 1960களில் 'ஒராங் அஸ்லி' என்பது அரசின் பெயராயிற்று. புள்ளிவிவரங்களில் இவர்கள் பூமிபுத்ராக்களாக எண்ணப்படுகின்றனர். எனினும் 153ஆம் பிரிவு இவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை; இவர்களின் நலனுக்கு அரசு தனிச்சட்டம் இயற்றலாம் என்று 8ஆம் பிரிவு இசைவு தருவதோடு நின்றுவிடுகிறது. 1954இன் பூர்வகுடிச் சட்டமோ நிலம் எடுக்கப்படும்போது பழமரங்களுக்கும் ரப்பர் மரங்களுக்கும் ஈடு தரச் சொல்கிறதே ஒழிய, நிலத்துக்கு ஈடு தரும் கடமையை வெளிப்படையாக விதிக்கவில்லை.

கோத்தா திங்கி மாவட்டத்தில் லிங்கியூ அணை எழுந்தபோது இந்த இடைவெளி வெளிப்பட்டது. அணைக்கான நிலத்தை விட்டுக்கொடுத்ததற்கு 1990 உடன்பாட்டின்படி சிங்கப்பூர் ஜொகூருக்கு 32 கோடி ரிங்கிட் வழங்கியது; அந்நிலத்தில் வேட்டையாடியும் காட்டுப்பொருள் திரட்டியும் வாழ்ந்த ஜக்கூன் மக்களுக்குக் கிடைத்ததோ பயிர்களுக்கும் மரங்களுக்குமான சிறுதொகை. அடோங் குவாவ் என்பவரும் மற்ற 51 பேரும் மாநில அரசின்மீது வழக்குத் தொடுத்தனர். 53,273 ஏக்கர் நிலத்தில் அவர்களுக்கு மரபுரிமை உண்டென்றும், அந்த வாழ்வாதாரத்தை ஈடின்றிப் பறிப்பது அரசியலமைப்பின் 13ஆம் பிரிவுக்கு முரணென்றும் ஜொகூர் பாரு உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மொக்தார் சீடின் 1996இல் தீர்ப்பளித்து, 2.65 கோடி ரிங்கிட் வழங்க ஆணையிட்டார். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் மாபோ வழக்கும் அத்தீர்ப்பில் எடுத்தாளப்பட்டது. அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்நிலத்தில் இடையறாது வாழ்ந்து, அதன் விளைபொருளால் உயிர்தரித்தவர்கள் என்பதை நீதிமன்றத்தில் நிறுவவேண்டியிருந்தது. 160ஆம் பிரிவு எந்த மலாய்க்காரரிடமும் அத்தகைய சான்றைக் கேட்பதில்லை. மாநில அரசின் மேல்முறையீடு 1998இல் தள்ளுபடி செய்யப்பட்டது.