அறியாச் சாய்வை அளந்த வரலாறு

நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாகக் கூறினார் வள்ளுவர். ஆயினும், தட்டொன்றில் தூசு படிந்திருப்பதைத் துலாக்கோல் தானே அறியாது. மனித மனமும் அத்தகையதே. தன் சாய்வைத் தானே அறியாத மனத்தை அளப்பது எவ்வாறு? சமூகவியலார் இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறு ஆசிரியர்களாகிய நம் சிந்தனைக்கு உரியது.

தொடக்கத்தில் ஆய்வாளர்கள் மக்களின் வாய்மொழியையே நம்பினர். பிற இனத்தாரை மணவுறவினராகவும் அண்டை வீட்டாராகவும் ஏற்பீரா என வினவும் அளவுகோலை, 1920களில் அமெரிக்கரான எமரி போகார்டஸ் வகுத்தார். ஆனால் சொல்லும் செயலும் ஒன்றா? 1930இல் தொடங்கி ரிச்சர்டு லாப்பியர் என்பார் சீனத் தம்பதியர் இருவருடன் அமெரிக்காவில் நெடும்பயணம் மேற்கொண்டார். அவர்கள் சென்ற 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒன்று மட்டுமே இடமளிக்க மறுத்தது. பின்னர், சீனரை ஏற்பீரா எனக் கடிதவழி வினவியபோதோ, விடையளித்த 128 நிலையத்தாருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் ஏற்கமாட்டோம் என்றனர்! 1934இல் வெளிவந்த இவ்வாய்வு, வாய்மொழியைக் கொண்டு செயலைக் கணிக்க இயலாது என்பதை உணர்த்திற்று.

ராபர்ட் ரோசெந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் வகுப்பறையை ஆராய்ந்து, அதன் முடிவுகளை 1968இல் நூலாக வெளியிட்டனர். ஐவருள் ஒருவர் என்னும் அளவில் மாணவர்களைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து, இவர்கள் விரைவில் மலர்வர் என ஆசிரியர்களிடம் கூறினர். ஆண்டிறுதியில், கீழ் வகுப்புகளில் அம்மாணவர்களே மிகுதியாக முன்னேறியிருந்தனர். இதன் அளவீட்டு முறையைப் பலர் கண்டித்தனர். அவ்விளைவு பெரும்பாலும் சிறிதே என்று பிற்கால ஆய்வுகள் கூறின. எனினும் அது எழுப்பிய ஐயம் மறையவில்லை.

1998இல் ஆந்தனி கிரீன்வால்டும் உடன் ஆய்வாளர்களும் மறைமுகத் தொடர்புச் சோதனையை வெளியிட்டனர். சொற்களையும் முகங்களையும் வகைப்படுத்த ஒருவர் எடுத்துக்கொள்ளும் நொடியின் சிறு கூறுகளை அது கணக்கிடுகிறது. ஆனால் ஒருவரே மறுநாள் வேறு மதிப்பெண் பெறுவதுண்டு. மதிப்பெண் மாறினும் நடத்தை மாறுவது உறுதியன்று. ஆதலின் அதனைக் கொண்டு தனியொருவருக்குத் தீர்ப்பு வழங்குதல் முறையன்று.

செயலையே அளந்தோரும் உளர். மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் ஒத்த தகுதியுடைய வேலை விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினர். வெள்ளையர் பெயருடையவற்றுக்கு நூற்றுக்கு ஐம்பது பங்கு மிகுதியான அழைப்புகள் வந்தன என 2004இல் அறிவித்தனர்.

அடியேனும் ஒருமுறை மாணவர் பெயர்களை மறைத்துக் கட்டுரைத் தாள்களைத் திருத்தினேன். முதன்மை பெற்ற தாள் கடைசி வரிசை மாணவனுடையது. ஆண்டு முழுவதும் அவன் எழுத்தை நான் விரைந்து புரட்டிவிட்டேன் என்பது அன்றே விளங்கிற்று. நம் மனத்தை முற்றாக அளக்கும் கருவி இன்னும் பிறக்கவில்லை. ஆனால் பெயரை மறைக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். அன்பார்ந்த ஆசிரியர்களே, அடுத்த தேர்விலேனும் அதனைச் செய்து பார்ப்போமாக!