அட்டவணையிலிருந்து அல்கொரிதம் வரை: காப்புறுதியில் ஒரு பழைய கணக்கு

செயற்கை நுண்ணறிவு காப்புறுதித் துறைக்குள் வந்த பிறகுதான் பாகுபாடும் வந்தது என்ற மாதிரி நாங்கள் அடிக்கடி கதைக்கிறோம். அமெரிக்க ஆயுள் காப்புறுதியின் வரலாற்றைப் பார்த்தால், கணினி பிறக்க முன்னமே அந்தப் பிரச்சினை இருந்திருக்கிறது. அதைச் சட்டத்தால் அடக்கப் பார்த்த கதையும் அதே அளவுக்குப் பழசு.

நியூ ஜேர்சியின் புரூடென்ஷியல் நிறுவனம் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சின்னத் தொகைக் காப்புறுதிகளை விற்றுவந்தது. முகவர் வாராவாரம் வீட்டுக்கு வந்து சில சதங்களை வாங்கிப் போவார். செத்தால் அடக்கச் செலவுக்காவது காசு வரும் என்று சனம் நம்பிக் கட்டியது. 1881இல் நிறுவனம் ஒரு முடிவெடுத்தது. கறுப்பினத்தவர் அதே காசைக் கட்டினாலும் அவர்களுக்குரிய இழப்பீடு மூன்றில் ஒரு பங்கு குறையும். இறப்பு வீதம் கூட என்பது அவர்கள் சொன்ன காரணம்.

அடிமைமுறை ஒழிந்து அப்போது 16 வருடம்தான். அந்த இறப்பு வீதத்துக்குப் பின்னால் என்ன வாழ்க்கை இருந்தது என்று அட்டவணை கேட்கவில்லை.

1884இல் மசாசூசெற்ஸ் மாநிலம் இதைத் தடைசெய்தது. சட்டமூலத்தைக் கொண்டுவந்தவர் ஜூலியஸ் சப்பெல் என்ற கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர். வேறு வட மாநிலங்களும் பின்தொடர்ந்தன. நிறுவனங்களோ வேறு வழி பார்த்தன. கறுப்பினத்தவரைத் தேடிப்போக வேண்டாம் என்று முகவர்களுக்குச் சொன்னார்கள், அவர்களைச் சேர்த்தால் கிடைக்கும் தரகுப்பணத்தையும் நிறுத்தினார்கள். ஒரே விலைக்கு விற்கச் சொன்ன சட்டம், விற்றே ஆகவேண்டும் என்று சொல்லவில்லையே!

1896இல் புரூடென்ஷியலின் புள்ளிவிபரவியலாளர் பிரெட்ரிக் ஹொவ்மன் ஒரு புத்தகமே எழுதினார். அதிக இறப்புக்குக் காரணம் வாழ்நிலை இல்லை, இனத்தின் இயல்புதான் என்பது அவரின் வாதம். அடுத்த வருடமே ஹவார்ட் பல்கலைக்கழகக் கணித ஆசிரியர் கெலி மில்லர் அந்த எண்களை எடுத்து வைத்தே அவருக்கு மறுப்பு எழுதினார்.

இன்றைய மாதிரிகளுக்கு இனம் தெரியவேண்டிய தேவையே இல்லை. கடன் வரலாறும் முகவரியும் போதும். இனவாரியாகக் குடியிருப்புகள் பிரிந்துபோன நாட்டில் தபால் குறியீடே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 2021இல் கொலராடோ இயற்றிய சட்டம் முக்கியமாவது இங்கேதான். வெளித் தரவுகளும் அல்கொரிதங்களும் இனம், பால் போன்றவற்றின் அடிப்படையில் நியாயமற்ற பாகுபாட்டை உண்டாக்குகின்றனவா என்று காப்புறுதி நிறுவனங்கள் சோதிக்கவேண்டும் என்கிறது அது. 1884இன் சட்டம் விதியைப் பார்த்தது, இது விளைவையும் பார்க்கிறது. 2024இன் ஐரோப்பிய ஒன்றியச் சட்டமும் ஆயுள், சுகாதாரக் காப்புறுதியில் ஆட்களின் ஆபத்தை மதிப்பிட்டு விலை வைக்கும் செயற்கை நுண்ணறிவை உயர் ஆபத்து வகைக்குள் சேர்த்திருக்கிறது.

ஆபத்தைக் கணிக்காமல் காப்புறுதி நடத்தேலாது என்று நிறுவனங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதற்காக அந்தக் கணிப்பை வேறு யாரும் பார்க்கக்கூடாது என்று ஆகிவிடாது. ஹொவ்மனின் அட்டவணைகள் அச்சில் கிடந்தபடியால்தான் மில்லரால் பதில் எழுத முடிந்தது. இன்றைய மாதிரிகள் பெரும்பாலும் வணிக இரகசியங்கள். சோதிப்பதும் அதே நிறுவனங்கள்தான். வெளியிலிருந்து ஒருவர் அந்தக் கணக்கைத் திறந்து பார்க்க வழி இருக்கிறதா என்பதைத்தான் இனி வரும் ஒவ்வொரு சட்டத்திடமும் நாங்கள் முதலில் கேட்கவேண்டும்.