ஒப்பந்தச் சமநிலை

ஒப்பந்தம் செய்துகொள்ளும் இரு தரப்பினருக்கும் பேரம் பேச ஏறத்தாழ ஒரே வலு இருப்பதே ஒப்பந்தச் சமநிலை. மலேசியாவில் புக்கிட் ரோத்தானைச் சுற்றியுள்ள கோலசிலாங்கூர் தோட்டப் பகுதியில் இக்கருத்துக்கு நீண்ட பின்கதை உண்டு. வாக்குறுதியைக் குறிக்கும் ‘ஜஞ்சி’ என்ற மலாய்ச் சொல்லோடு ஒட்டியே ஒப்பந்தக் கூலிகளுக்குச் ‘சஞ்சிக்கூலி’ என்ற பெயர் வழங்கியது. கப்பல் செலவைக் கடனாகச் சுமந்து வந்தவர், வாக்கை மீறி வேலையை விட்டால் சிறைக்குப் போக நேரும். 1910இல் அம்முறை ஒழிந்தது. அதன் பிறகும் ஓங்கிய கங்காணி முறையில் மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம் என்றாலும், வேலை போனால் லயத்து வீடும் போனது. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் கூலி உயர்வோடு, துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நீக்கவும் கேட்டார்கள்.

மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் வார்ப்பு. அதன் 26ஆம் பிரிவில் ஓர் உதாரணம் உண்டு: ஆயிரம் மதிப்புள்ள குதிரையைப் பத்துக்கு விற்க ஒருவர் தாமாகவே சம்மதித்தால் அந்த ஒப்பந்தம் செல்லும். அடுத்த உதாரணத்தில், தம் சம்மதம் சுதந்திரமானதல்ல என்று அவர் மறுத்தால், அற்ப விலையை நீதிமன்றம் கணக்கில் கொள்ள வேண்டும். ஆக, இச்சட்டம் பார்ப்பது சம்மதத்தை; விலை நியாயமா என்பது அதற்குச் சாட்சி மட்டுமே. 16ஆம் பிரிவின் ‘தகாச் செல்வாக்கு’ கூட, ஆதிக்க நிலையில் இருப்பவர் அதைப் பயன்படுத்தி நியாயமற்ற ஆதாயம் அடைந்தாரா என்றே கேட்கிறது. பால்மரம் வெட்டியவரை எவரும் மிரட்டவில்லை. வேறு வழியில்லாததால் ஒப்புக்கொண்டார். எனவே தோட்டத்துச் சமநிலை இச்சட்டத்துக்கு வெளியிலிருந்தே வந்தது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, சட்டத்தைவிடக் குறைந்த நிபந்தனையைச் செல்லாததாக்கி, அவ்விடத்தில் சட்டத்தின் நிபந்தனையையே வைக்கிறது. 2013இல் தீபகற்பத்துக்கு 900 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் இப்படித் தலையிடுவது ஒப்பந்தச் சுதந்திரத்தைப் பறிக்கிறது, வணிகத்துக்கு வேண்டிய உறுதியைக் குலைக்கிறது என்பார்கள். வழக்கறிஞரை வைத்துப் பேசும் இரு வியாபாரிகளுக்கு அது பொருந்தும். அச்சடித்த தாளில் கையெழுத்திடும் பயனீட்டாளருக்குப் பொருந்தாது. அதனால்தான் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்த விதிகளைப் பற்றிய தனிப் பகுதி 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்தது. தோட்டத்திலோ சமநிலை இன்னும் முழுமையடையவில்லை. செம்பனைத் தோட்டத்தில் இன்று குலை வெட்டுபவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். வேலைவாய்ப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு அவர்களின் வேலை நிபந்தனைகளைக் காக்கும். ஆள்சேர்ப்பு முகவருக்காக ஊரிலேயே வாங்கிவந்த கடனை அது தொடுவதில்லை.