சோடா விற்ற பையனும் பொலிஸ் அணியும்



'திமிரு' பார்த்திருப்பீர்கள். 'கொம்பன்' பார்த்திருப்பீர்கள். விஜயின் 'பிகில்' பார்க்காத பிள்ளை நம்ம பக்கத்தில் இருக்க முடியாது. இந்த மூன்றிலும் வில்லன் பக்கம் நிற்கிற, கறுத்துத் திடமான ஒரு மனிதரை எல்லோருக்கும் தெரியும். பெயர்தான் யாருக்கும் தெரியாது. வகுப்பில் படத்தைக் காட்டிக் கேட்டால் "அடியாள் சேர்" என்கிறார்கள். அவர்தான் ஐ. எம். விஜயன். இந்தியாவின் மிகச் சிறந்த முன்கள வீரர்களில் ஒருவர். நாட்டின் தலைவராக விளையாடியவர். உதைபந்தாட்டத்தைப் பற்றிய படத்திலேயே ஒரு நிஜ உதைபந்தாட்டக்காரர் அடியாளாகப் போய்விட்டார், பாருங்கள்.

அவருடைய கதையை இங்கே எழுத ஒரு காரணம் இருக்கிறது. ஏழைப் பையன், கஷ்டப்பட்டான், திறமையால் உயர்ந்தான் என்று பரிசளிப்பு விழாக்களில் நாங்கள் ஆசிரியர்களும் பேசுவோம், வரும் பிரமுகர்களும் பேசுவார்கள். பிள்ளைகள் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அடுத்த வருஷம் அதே பிள்ளைகளில் நாலு பேர் சாதாரண தரம் எழுதாமலேயே கொழும்புக் கடைகளுக்குப் போயிருப்பார்கள். கஷ்டமும் திறமையும் அவர்களிடமும் இருந்தன. விஜயனிடம் இருந்து அவர்களிடம் இல்லாதது எது என்பதுதான் எங்களைப் பல நாளாகக் குடைகிற கேள்வி.

விஜயன் 1969 ஏப்ரல் 25இல் கேரளத்தின் திருச்சூரில் பிறந்தவர். வீட்டில் வறுமை. திருச்சூர் மாநகராட்சி மைதானத்தில் ஆட்டம் நடக்கும் நாட்களில் பார்வையாளர்களுக்குச் சோடா விற்பார். ஒரு போத்தலுக்கு 10 பைசா கிடைக்கும். இதைப் படிக்கிறவர்கள் எல்லோரும் 10 பைசாவைப் பார்த்து இரக்கப்படுவார்கள். நாங்கள் பார்ப்பது மைதானத்தை. வறுமைப்பட்ட அந்தப் பையனின் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், பெரிய அணிகள் வந்து விளையாடும் ஒரு மைதானம் இருந்தது. பெரிய வீரர் எப்படி ஓடுகிறார், பந்தை எப்படி நெஞ்சில் வாங்கி இறக்குகிறார் என்று சோடாக் கூடையோடு நின்றே பார்த்துப் படிக்க முடிந்தது. அங்கேதான் டி. கே. சாத்துண்ணி என்ற பயிற்றுவிப்பாளரின் கையிலும் அவர் சேர்ந்தார்.

நம்ம தெஹியோவிட்ட, தெரணியகல, காவத்தை, இறக்குவானைப் பக்கம் எத்தனை தோட்டத்தில் தட்டையான நிலம் இருக்கிறது? இறப்பர் மரத்துக்கும் தேயிலைக்கும் கொடுத்தது போக மிஞ்சியது லயத்து வாசல்தான். இருக்கிற ஒரு மைதானத்திலும் பாதி வருஷம் மழைத்தண்ணீர், மீதிக்கு அட்டை. அதிலும் வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைகளை வைத்து வலயப் போட்டிக்குப் போய் ஜெயித்துவிட்டு வந்த பாடசாலைகள் நம்மிடம் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

விஜயனின் 17ஆவது வயதில் இரண்டாவது கதவு திறந்தது. கேரள பொலிஸ் உதைபந்தாட்ட அணியைக் கட்டியெழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அப்போதைய பொலிஸ் தலைமை அதிகாரி எம். கே. ஜோசப்பின் கண்ணில் இந்தப் பையன் பட்டான், அணிக்குள் எடுத்துக்கொண்டார்கள். இதுதான் முழுக் கதையின் முடிச்சு. ஏழை வீட்டுப் பிள்ளை விளையாட்டை விடுவது திறமை தீர்ந்து அல்ல. வீட்டுக்கு அரிசி வாங்க வேண்டும் என்பதற்காக. அரசாங்கச் சம்பளத்தையும் பந்தையும் ஒரே இடத்தில் கொடுத்தது பொலிஸ் அணி. தாய்க்கும் நிம்மதி, பிள்ளைக்கும் பயிற்சி.

அந்த அணியில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். கண்ணூரிலிருந்து வந்த வி. பி. சத்யன், மலப்புறத்து யு. ஷறஃபலி, சி. வி. பாப்பச்சன், குரிகேஷ் மாத்யூ. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே சீருடையில். 1990இல் கேரள பொலிஸ் பெடரேஷன் கிண்ணத்தை வென்றது. கேரளத்தின் ஒரு கழகம் அதை வென்றது அதுவே முதல் தடவை. 1991இலும் வென்றார்கள். கொல்கத்தாவினதும் கோவாவினதும் பெரிய கழகங்கள் ஒரு பொலிஸ் அணியிடம் கிண்ணத்தை விட்டுவிட்டுப் போயின.

அதற்குப் பிறகு விஜயனைக் கொல்கத்தா இழுத்தது. 1991இல் மோகன் பகான், 1992இல் மறுபடி கேரள பொலிஸ், 1993இல் திரும்பவும் மோகன் பகான். கொல்கத்தா ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கறுப்பு மான்'. அடுத்தது பஞ்சாப், பக்வாராவின் ஜே.சி.டி. அது ஒரு புடவை ஆலையின் அணி. ஆலை முதலாளி அணி நடத்தினார், வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்தார். 1996-97இல் இந்தியாவின் முதலாவது தேசிய லீக்கை வென்றது இந்த ஆலை அணிதான். விஜயனோடு அங்கே ஓடிய இளைஞர் சிக்கிமின் பைச்சுங் பூட்டியா. ஆலைக்காரர் செய்ததைத் தோட்டக் கம்பனிக்காரரும் செய்யலாமே என்று இதை வாசிக்கும்போது உங்களுக்கும் தோன்றியிருக்கும். எங்களுக்கும் தோன்றியது. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

1997இல் சொந்த மாநிலத்தில் எஃப்.சி. கொச்சின் என்ற தொழில்முறைக் கழகம் தொடங்கியது. விஜயன் அங்கே போனார். அதே வருஷம் டுராண்ட் கிண்ணத்தை வென்றார்கள். ஆனால் சில வருஷங்களில் பணம் தீர்ந்து கழகமே மூடப்பட்டது. அரசாங்க வேலையையும் தனியார் பணத்தையும் ஒப்பிட்டுப் பேசுகிற நம்ம பெரியவர்களுக்கு இது ஒரு கதை. பிறகு ஈஸ்ட் பெங்கால், சேர்ச்சில் பிரதர்ஸ் என்று ஓடினார்.

இந்திய அணிக்கு 1989 தொடக்கம் 2003 வரை ஆடினார். இந்தியாவின் வருடத்தின் சிறந்த வீரர் விருதைப் பல தடவை வாங்கிய முதல் ஆள் அவர்தான். 1999 தெற்காசிய விளையாட்டில், காத்மண்டுவில் பூட்டானுக்கு எதிராக 12ஆவது விநாடியில் கோல் போட்டார். ஆட்டம் தொடங்கியதைப் பலர் கவனித்தே இருக்கமாட்டார்கள். கடைசியாக 2003இல் ஹைதராபாத்தில் நடந்த ஆபிரிக்க-ஆசிய விளையாட்டில் நாலு கோல் போட்டு அதிக கோல் அடித்தவராக விடைபெற்றார். வயது 34.

நம்ம நாட்டையும் குறைத்துச் சொல்லக்கூடாது. அதே காலத்தில், 1995இல், கொழும்பு சுகததாச மைதானத்தில் இலங்கை இந்தியாவை 1-0 என்று தோற்கடித்துத் தெற்காசியக் கிண்ணத்தை வாங்கியது. அதற்குப் பிறகு அந்தக் கிண்ணம் நம்மிடம் வரவில்லை. 2023 ஜனவரியில் ஃபீஃபா நம் சங்கத்தையே இடைநிறுத்தி, ஓகஸ்டில்தான் திரும்பச் சேர்த்தது.

விஜயனின் கதை ஒற்றைக் கதை அல்ல என்பதற்குக் கடல் தாண்டி ஒன்று சொல்கிறோம். கொலம்பியாவின் கார்லோஸ் பாக்கா, கரையோர மீன்பிடி ஊரான புவேர்ட்டோ கொலம்பியாக்காரர். 20 வயதில் பஸ்ஸில் கொண்டக்டராக நின்றார். நம்ம யட்டியாந்தோட்டை பஸ்களில் தொங்கிக்கொண்டு வருகிற பையன்களை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நகரமான பறங்கியாவின் ஹூனியோர் கழகத்தில் தெரிவுக்குப் போய், அங்கிருந்து 2012இல் பெல்ஜியம், 2013இல் ஸ்பெயினின் செவில்லா. 2015 யூரோப்பா லீக் இறுதிப் போட்டியில் இரண்டு கோல் போட்டு செவில்லாவுக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தார். இரண்டு உலகக் கிண்ணங்களுக்குப் போனார். 2018இல் இங்கிலாந்துக்கு எதிரான பெனால்டியில் அவருடைய பந்தைக் கோல் காப்பாளர் தடுத்துவிட்டார், அதுவும் நடந்தது. அங்கேயும் அதே கணக்குத்தான். பஸ் ஓடும் தூரத்தில் ஒரு கழகம், வெளியூர்ப் பையன்களையும் கூப்பிட்டுப் பார்க்கிற ஒரு தெரிவு நாள்.

கேரள பொலிஸ் அணியின் இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அணியின் தலைவர் சத்யன். இந்தியாவுக்கும் தலைவராக இருந்தவர். பிறகு சென்னையில் இந்தியன் வங்கியில் சேர்ந்தார். காயங்கள் விடவில்லை, மனமும் உடைந்தது. 2006 ஜூலையில் சென்னையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 41. வேலை கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஓட முடியாமல் போன காலத்தில் ஒரு விளையாட்டுக்காரனின் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

விஜயனை மட்டும் பொலிஸ் மறுபடி கூப்பிட்டது. விளையாடி முடித்த பிறகு அதே சேவையில் சேர்ந்து, பிள்ளைகளுக்கான பொலிஸ் உதைபந்தாட்ட அகடமியையும் பார்த்துக்கொண்டார். 2025இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அதே வருஷம் அதிகாரி நிலையில் ஓய்வு பெற்றார்.

இலங்கையிலும் இந்தக் கதவு முழுசாக மூடிக் கிடக்கவில்லை. இராணுவம், விமானப்படை, கடற்படை, பொலிஸ் எல்லாவற்றுக்கும் உதைபந்தாட்ட அணிகள் உண்டு, விளையாட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். தேசிய மட்டத்தில் சாதித்த பிள்ளை உயர்தரமும் சித்தியடைந்தால் பல்கலைக்கழக அனுமதியிலும் விசேட ஒதுக்கீடு இருக்கிறது. இரண்டுக்கும் கேட்பது சான்றிதழ். நம்ம வீடுகளில் அந்தச் சான்றிதழ்கள் மழை ஒழுகும் கூரைக்குக் கீழே, சட்டம் போட்டுச் சுவரில் தொங்கிப் பூஞ்சணம் பிடிக்கின்றன. இல்லாவிட்டால் பாடசாலை அலுமாரியிலேயே யாரும் வாங்காமல் கிடக்கின்றன. 2015க்குப் பிறகு வலய, மாகாண மட்டத்தில் விளையாடிய பழைய மாணவர்கள் இந்த வாரம் பாடசாலைப் பக்கம் வந்து உங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வர முடியாமல் கொழும்பில் நிற்பவர்கள் அம்மாவை அனுப்பினாலும் போதும், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவோம்.