மானிப்பாய் மருத்துவமும் இயக்க நரம்பின் தடமும்

ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூல் இலண்டனில் 1858இல் வெளிவந்து பதினான்கு ஆண்டுகளே கடந்திருந்த நிலையில், அதனைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் யாழ்ப்பாணத்து மானிப்பாய் மருத்துவப் பள்ளியின் உழைப்பாகத் தமிழில் அச்சேறியது. அதற்கு மூன்றாண்டு முன்னர், 1869இல், பாரிஸ் நகரில் ஷார்க்கோவும் ஜோஃப்ருவாவும் கைகால் தசைகள் மெலிந்து இறந்தோரின் தண்டுவடத்தை ஆராய்ந்து, தசையை இயக்கும் நரம்பணுக்கள் அங்கே அழிந்திருப்பதையும் அதன் பக்கவாட்டு இழைக்கற்றைகள் இறுகியிருப்பதையும் விவரித்திருந்தனர். இன்று இயக்க நரம்பணு நோய் எனப்படுவதன் அடிப்படை விளக்கம் அதுவே. இவ்விரு முயற்சிகளும் ஒன்றையொன்று அறியாதவை. ஆயினும் மூளையின் மேற்பரப்பிலிருந்து இறங்கி, முகுளத்தில் மறுபக்கம் கடந்து, தண்டுவடம் வழியே தசையைச் சேரும் கட்டளைத் தடத்தை அறியாமல் பாரிஸின் கண்டுபிடிப்பை எவரும் விளங்கிக்கொள்ள முடியாது என்பதால், அத்தடத்தைக் கற்பதற்குரிய நூலொன்று அதே காலத்தில் தமிழில் இருந்தது சிறிய செய்தியன்று.

அந்நூலுக்குக் காரணரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் அமெரிக்க மிசனின் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தவர். அவர் வெறும் நிலத்தில் விதைக்கவில்லை. யாழ்ப்பாண அரசர் காலத்து மரபோடு இணைத்துப் பேசப்படும் 'செகராசசேகரம்', 'பரராசசேகரம்' ஆகிய மருத்துவ நூல்கள் ஏட்டில் வழங்கின. கைகால் விழுதலும் தசை மெலிதலும் நாட்டு வைத்தியரான பரியாரிமாரால் வாத நோய்களாகப் பகுக்கப்பட்டு, நாடியாலும் குறிகளாலும் அறியப்பட்டன. உயிருள்ள நோயாளியை உற்றுநோக்குவதில் அம்மரபு நுட்பமானது. உடலை அறுத்து நரம்பின் வழியைத் தேடுவது அதன் முறையன்று. கிறீன் சேர்த்தது இந்த இரண்டாவது அறிவையே.

1848இல் ஆங்கிலத்தில் தொடங்கிய அவருடைய வகுப்பு, தேறிய மாணவர் பலர் அரச சேவையை நாடிக் கிராமங்களை விட்டு அகன்றமையாலும், 1855இல் மிசன் நடத்திய வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டு மிசனின் கல்விக் கொள்கை தாய்மொழிப் பக்கம் திரும்பியமையாலும், 1860களில் தமிழுக்கு மாறியது. அமெரிக்கப் பெயர் தாங்கிய சாப்மன், டான்போர்த் முதலிய தமிழ் மாணவர்களின் துணையுடன் அறுவை மருத்துவம் பற்றிய 'இரண வைத்தியம்' 1867இல் வந்தது. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் கிறீன் மொழிபெயர்ப்பை நிறுத்தவில்லை. உடல் இயங்கும் விதத்தைக் கூறும் 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவர, அடுத்த ஆண்டு அவர் காலமானார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கும் மேற்பட்டவர். ஆனால் 1870இல் கொழும்பில் தொடங்கிய அரச மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் கற்பித்தது. தொழிலும் பதவியும் அவ்வழியே சென்றதால் தமிழ் வகுப்பு நிலைக்கவில்லை. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் உருவானபோதும் பயிற்றுமொழி ஆங்கிலமே. தமிழ்வழி மருத்துவக் கல்வியின் அந்த முறிவு உண்மையான இழப்பு. தன் நரம்புக்கு நேர்ந்ததைத் தன் மொழியிலேயே எழுத்தில் படித்தறியும் வாய்ப்பை நோயாளி அதனால் இழந்தார்.

கிறீன் காலத்தில் நரம்பின் அழிவு இறப்புக்குப் பின்னரே கண்ணுக்குத் தெரிந்தது. 1970களில் தோன்றிய காந்த ஒத்ததிர்வுப் படமெடுப்பு, அதாவது வலிய காந்தப்புலத்தில் உடலிலுள்ள ஐதரசன் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞைகளைக் கொண்டு படம் வரையும் முறை, உயிருள்ளோரிடம் இயக்க நரம்பின் தடத்தைக் காட்டத் தொடங்கியது. இயக்க நரம்பணு நோயில் சிலருக்கு அத்தடம் படத்தில் வெளிறித் தெரியும். இழைகளின் வழியே நீர் பரவும் திசையை அளக்கும் பரவற்படம், அவற்றின் ஒழுங்கு குலைந்திருப்பதை எண்களில் காட்டும். எனினும் இம்மாற்றங்கள் எல்லா நோயாளரிடமும் தெளிவாகத் தோன்றாமையால், நோயை உறுதிசெய்வது இன்றும் மருத்துவரின் நேரடிப் பரிசோதனையும் தசை மின்பதிவுமே. படத்தின் முதற்பணி, கழுத்தெலும்பு தண்டுவடத்தை அழுத்துதல் போன்ற வேறு காரணங்களை விலக்குவதாகும்.

தென்னாசியாவில் இவ்விலக்கல் தனிப் பெறுமதி உடையது. 1970இல் சென்னை மருத்துவர்களான மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் விவரித்த 'மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்' இளவயதில் தொடங்கிச் செவிப்புலனையும் முகத்தசைகளையும் தாக்குகிறது. ஆயினும் மிக மெதுவாகவே வளர்கிறது. இளைஞரின் ஒரு கையை மெலியச் செய்யும் இன்னொரு நோயை 1959இல் ஜப்பானியரான ஹிராயமா விவரித்தார். இலங்கை நோயாளரிடையே அதனை ஜே. பி. பீரிஸ் குழுவினர் 1989இல் எடுத்துரைத்தனர். இது சில ஆண்டுகள் வளர்ந்து பெரும்பாலும் தானே நின்றுவிடும். கழுத்தை நேராக வைத்து எடுக்கும் படத்தில் இது தப்பிவிடக்கூடும். முன்னோக்கிக் குனிய வைத்து எடுத்தால் தண்டுவடம் முன்பக்க எலும்போடு நெருக்கப்படுவது புலப்படும். மெலியும் கையோடு வரும் இளைஞனிடம், கழுத்தைக் குனிய வைத்து ஒரு படம் எடுக்காமல் இயக்க நரம்பணு நோய் என்று கூறிவிடலாகாது.